காஞ்சியின் ஊர்ப்பொருள்

காஞ்சிபுரம் கோயில்களாற் பெருமை பெற்ற ஊர். தறிகளாற் பிழைக்கும் ஊர். ஏகாம்பரநாதர் கோயிலின் ஓங்கிய கோபுரத்தையும், காமாட்சியம்மன் கோயிலையும், வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தையும் காண நாள்தோறும் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பட்டுச் சேலை வாங்க வருவோரும் பலர். வந்தவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பர். சேலையின் சரிகையைத் தடவிப் பார்ப்பர். தாம் நடந்து வந்த தெருவை மட்டும் எவரும் கருத்துடன் பார்ப்பதில்லை. தெரு செம்மையாக இருக்கும் வரையில் அஃது எவர் கண்ணிலும் படுவதில்லை. சாக்கடை பெருகி வழிந்த நாளில்தான் தெருவைப் பற்றிய நினைவே நமக்கு வருகிறது.

காஞ்சியில் தெரு நடக்கும் வழியாக மட்டும் அமைந்ததன்று. அது நெசவாளரின் தொழிற்கூடமும் ஆகும். பட்டுப் பாவைத் தெருவில் நீள விரித்து, இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தோய்த்துச் செப்பம் செய்யும் வழக்கம் இவ்வூரில் நெடுநாளாக உண்டு. வெயில் ஏறுமுன் அவ்வேலை முடிந்தாக வேண்டும். தெருவிற் கழிவுநீர் தேங்கினால் பாவு விரிக்க இடம் இல்லை. பாவு விரியாவிடில் தறி ஓடாது. தறி ஓடாவிடில் அடுப்பு எரியாது. நூலுக்குச் சாயம் தோய்ப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். பாலாற்று நீர் பட்டுக்கு மெருகு தரும் என்பது இவ்வூரார் பன்னெடுங்காலமாகச் சொல்லி வரும் சொல்.

ஆகவே தெருவைப் பெருக்குதல், குப்பையை அகற்றுதல், குடிநீர் வழங்குதல், கழிவுநீரைக் கொண்டு செல்லுதல், விளக்கேற்றுதல் ஆகிய பணிகள் காஞ்சி மக்களின் உடல்நலத்தோடு அவர்தம் தொழிலையும் காத்து நிற்கின்றன. இப்பணிகளுக்கு வேண்டும் பொருள் எங்கிருந்து வருகிறது? அதனைத் தருவோர் யாவர்? தந்த பொருளுக்குக் கணக்குக் கேட்போர் யாவர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

பழங்காலத்து வழக்கம்

ஊர்ப்பொருளைப் பற்றிய எண்ணம் காஞ்சிக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தமசோழன் காலத்துச் செப்பேடுகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்நாளிற் கச்சிப்பேடு என்று வழங்கிய காஞ்சி நகரத்தில், ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகளை அவை கூறுகின்றன. அக்கோயில் இன்று உலகளந்த பெருமாள் கோயில் எனப்படுகிறது.

நகரத்தில் நிறுத்து விற்கும் பொருள்களுக்குக் கோல்நிறைகூலி என்றும், அளந்து விற்கும் பொருள்களுக்குக் கால்அளவுகூலி என்றும் கட்டணங்கள் பெறப்பட்டன. அவ்வருவாய் கோயிற் செலவுக்கு உரியதாக ஆக்கப்பட்டது. கோயிலுக்குரிய பொன் நகரத்துச் சேரிகளில் வாழ்ந்தாரிடம் வட்டிக்கு விடப்பட்டது. அவ்வட்டியைக் கொண்டு குறித்த செலவுகள் நடைபெற்றன. கோயிற் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு நெசவாளர் சேரிகளைச் சேர்ந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நகரத்து நெசவாளர் பிறர் பொருளைக் கண்காணிக்கும் நம்பிக்கைக்கு உரியவராக விளங்கினர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

காஞ்சிக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. ஊரவையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் விளக்கப்பட்டுள்ளது. ஏரியைக் காக்க ஏரி வாரியம். தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியம். பொன்னின் தரத்தை நோக்கப் பொன் வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்தலுக்கு உரியன் அல்லன். அவனுடைய நெருங்கிய உறவினரும் உரியர் அல்லர். ஒருவன் கணக்கு ஒளித்ததற்கு அவன் உறவினரும் தகுதி இழந்தனர் என்றால், பொதுப்பணத்தை முன்னோர் எத்துணைக் கண்டிப்போடு காத்தனர் என்பது விளங்கும்.

வருவாய்க்கு ஒரு வழி, செலவுக்கு ஒரு வரையறை, கண்காணிக்க ஊரார், கணக்குக் காட்டக் கடமை என்னும் நான்கும் பொதுநிதிக்கு நான்கு தூண்களாம். இன்றைய நகர ஆட்சியையும் இந்நான்கையும் கொண்டே நாம் அளந்து பார்க்கலாம்.

நகராட்சியின் வரலாறு

சென்னை மாகாணத்து நகரங்களைச் சீர்ப்படுத்துவதற்கு 1865-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே 1866-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் நகராட்சி ஏற்பட்டது. தொடக்கத்தில் ஆட்சிப் பொறுப்பு பெரிதும் அரசு நியமித்தவர்களிடமே இருந்தது. 1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், உள்ளூர்க் காரியங்களை உள்ளூர் மக்களே நடத்திப் பழக வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்திற்று. 1884, 1920 ஆகிய ஆண்டுகளின் மாவட்ட நகராட்சிச் சட்டங்களால் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரின் பங்கு படிப்படியாக வளர்ந்தது.

காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணா, வறுமையின் காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்தி, இந்நகராட்சி அலுவலகத்திற் சில காலம் எழுத்தராகப் பணியாற்றினார். நகராட்சி மேசையில் எழுதத் தொடங்கிய அக்கை, 1967-இல் முதலமைச்சராக மாநில அரசின் கோப்புகளிலேயே கையெழுத்திட்டது.

1992-ஆம் ஆண்டில் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. நகர ஆட்சிக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தப்பட்டன. காஞ்சிபுரம் நகராட்சி 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆயிற்று. 51 வட்டங்கள் கொண்ட அதன் மன்றத்துக்கு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தேர்தல் நடைபெற்றது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 1998-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெயர் உயர்ந்தது, பொறுப்பும் உயர்ந்தது. ஆனால் பெயர்ப்பலகை மாறியவுடன் பெட்டியிற் பணம் நிறைந்துவிடுவதில்லை.

வரவு வரும் வழிகள்

நகரத்தின் வரவை நான்கு வகையாகப் பிரிக்கலாம். அவை வரி, கட்டணம், வாடகை, அரசு தரும் நிதி என்பனவாம்.

வரிகளுள் தலையாயது சொத்துவரி. வீடு, கடை, தொழிற்கூடம் முதலிய கட்டடங்களின் உரிமையாளர் இதனை அரையாண்டுக்கு ஒரு முறை செலுத்துகின்றனர். கட்டடத்தை ஒளிக்க முடியாது. ஊரை விட்டு எடுத்துச் செல்லவும் முடியாது. ஊரிற் சாலையும் தண்ணீரும் செம்மையுற்றால் மனையின் மதிப்பு உயர்கிறது. அவ்வுயர்வில் ஒரு சிறு பகுதி ஊருக்கே திரும்புகிறது. உலகின் பல நாடுகளிலும் உள்ளூராட்சியின் முதன்மையான வரியாகச் சொத்துவரி விளங்குவதற்கு இவையே காரணங்கள்.

அடுத்தது தொழில்வரி. அலுவலகங்களிற் சம்பளம் பெறுவோரும் தொழில் நடத்துவோரும் இதனைச் செலுத்துகின்றனர். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இவ்வரியைப் பெறலாகாது என்பது அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவில் உள்ள வரம்பு. 1988-இல் வகுக்கப்பட்ட அவ்வரம்பு அவ்வாறே நிற்க, விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

சில வரிகள் இடம் மாறிய வரலாறும் அறியத்தக்கது. முற்காலத்தில் ஊர் எல்லையில் வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கினர். மோட்டார் வண்டி வரிச் சட்டம் 1931-இல் வந்தபோது அச்சுங்கம் நீக்கப்பட்டது. இழப்புக்கு ஈடாக அரசு பணம் தந்தது. கேளிக்கை வரி 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசால் தண்டப்பட்டு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்பட்டது; 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், அதனைத் தண்டும் உரிமை உள்ளாட்சிகளுக்கே வந்தது. மனையை விற்று வாங்கும்போது முத்திரைத் தீர்வையோடு பெறப்படும் மிகைவரியும் அரசின் வழியாக உள்ளாட்சிகளை அடைகிறது.

இரண்டாவது வகை கட்டணம். குடிநீர் இணைப்பு உள்ளவர் குடிநீர்க் கட்டணமும், பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ளவர் அதற்குரிய கட்டணமும் செலுத்துகின்றனர். கட்டட அனுமதி, தொழில் உரிமம் ஆகியவற்றுக்கும் கட்டணம் உண்டு. மூன்றாவது வாடகை. நகரத்துக்குச் சொந்தமான கடைகளும் இராஜாஜி காய்கறி அங்காடியும் பேருந்து நிலையமும் இவ்வகை வருவாய்க்கு இடமாவன. நான்காவது அரசு தரும் நிதி. மாநில வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பகிர வேண்டும் என்பதை ஐந்தாண்டுக்கு ஒரு முறை அமைக்கப்படும் மாநில நிதி ஆணையம் ஆய்ந்து பரிந்துரைக்கிறது.

வரியும் கட்டணமும்

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் குடிநீர்க் கட்டணம் செலுத்தாவிடில் அவர் வீட்டு இணைப்பைத் துண்டிக்கலாம். அவர் வரி செலுத்தாவிடில், அவர் வாயிலுக்கு மட்டும் தெருவிளக்கை இருளச் செய்ய முடியுமா? அவர் வீட்டுக்குள் மட்டும் கொசு புகும்படி செய்ய முடியுமா? இயலாது. விளக்கின் ஒளி எல்லார்க்கும் பொது. நோய்த்தடுப்பின் பயனும் எல்லார்க்கும் பொது. இவ்வாறு பிரித்துத் தர முடியாத பயன்களுக்கு வரியே வழி. அளந்து தரக்கூடிய பயன்களுக்குக் கட்டணம் வழி.

எனினும் தண்ணீர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. அளந்து தரலாம் என்பது உண்மை; தண்ணீரின்றி எவரும் வாழ முடியாது என்பதும் உண்மை. ஏழையின் குடத்துக்கு முழு விலை கேட்டால் அவன் அசுத்த நீரைக் குடிப்பான். அதனால் எழும் காய்ச்சல் அவன் தெருவோடு நிற்பதில்லை. எவரிடமும் ஒன்றும் வாங்காவிட்டாலோ நீரேற்றும் எந்திரம் நின்றுவிடும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறாகவே கிடக்கிறது. மணலுக்கு அடியில் ஊறும் நீரைக் கிணறுகளில் திரட்டி, எந்திரத்தால் ஏற்றி, குழாய்வழிக் கொண்டுவந்து, தூய்மை செய்து தர வேண்டும். மின்சாரத்துக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். கட்டணம் வந்தாலும் வராவிட்டாலும் அச்செலவு நிற்பதில்லை.

இங்கிலாந்து நாட்டுப் பர்மிங்காம் நகரத்தின் வரலாறு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அங்கே விளக்குக்குரிய எரிவாயுவையும் குடிநீரையும் தனியார் நிறுவனங்கள் வழங்கி வந்தன. 1873 முதல் 1876 வரை நகரத் தலைவராக இருந்த ஜோசப் சேம்பர்லின் அவ்விரண்டையும் விலைக்கு வாங்கி நகரத்துக்கு உரிமையாக்கினார். எரிவாயுவில் வந்த ஆதாயத்தை நகர மேம்பாட்டுக்குச் செலவிட்டார். தண்ணீரிலோ ஆதாயம் தேடலாகாது என்று கருதினார். மக்கள் நலமே அதன் ஆதாயம் என்பது அவர் கொள்கை. எதில் இலாபம் பெறலாம், எதிற் பெறலாகாது என்று பகுத்தறிவதே நகர நிதியின் முதற்பாடம்.

மூன்று நிதிகள்

நெசவாளர் வீட்டில் வாரக் கூலி வந்தவுடன் இல்லத்தரசியார் என்ன செய்கிறார்? அரிசிக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கிறார். ஒன்றுக்கு வைத்ததை மற்றொன்றுக்கு எடுத்தால் மாதக் கடைசியிற் குடும்பம் தடுமாறும் என்பதை அவர் அறிவார்.

தமிழ்நாட்டு நகராட்சிகளும் தம் கணக்கை இவ்வாறே மூன்று நிதிகளாகப் பிரித்து எழுதுகின்றன. சாலை, விளக்கு, துப்புரவு, ஊழியர் சம்பளம் முதலியவற்றுக்கு வருவாய் நிதி. குடிநீருக்கும் வடிகாலுக்கும் குடிநீர் வடிகால் நிதி. பள்ளிக்கூடங்களுக்குத் தொடக்கக் கல்வி நிதி. கச்சிப்பேட்டில் நிறைகூலியை இன்ன செலவுக்கென்று குறித்து வைத்தார்களே, அதே அறிவு இங்கும் செயற்படுகிறது.

ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மார்ச் இறுதி நாள் வரை நகராட்சிக்கு ஓராண்டு. அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டம் மன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. உறுப்பினர் வினா எழுப்பலாம், குறை கூறலாம், திருத்தம் கோரலாம். மன்றம் இசைந்தபின் ஆணையர் அதனை நிறைவேற்றுகிறார். ஆண்டு முடிந்ததும் அரசின் தணிக்கைத் துறை கணக்கைச் சரிபார்க்கிறது. பணத்தை ஒதுக்குவோர் ஒருவர், செலவிடுவோர் ஒருவர், சரிபார்ப்போர் ஒருவர் என்று பொறுப்பு மூவகைப்பட்டிருப்பதே பொதுப்பணத்துக்குப் பாதுகாப்பு.

கோயில் நகரத்தின் இடர்

மற்ற நகரங்களுக்கு இல்லாத ஓர் இடர் காஞ்சிக்கு உண்டு. பொதுமக்கள் வழிபடும் இடங்களுக்குச் சொத்துவரி விதிப்பதில்லை என்பது நெடுநாளைய சட்ட வழக்கு. அது முறையே ஆகும். ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். காஞ்சியின் நடுவே பரந்து கிடக்கும் பெருங்கோயில்கள் நகரத்துக்குப் புகழ் தருகின்றன; வணிகம் தருகின்றன; வரி தருவதில்லை. அவற்றைக் காண வருவோர் ஊரின் சாலையில் நடக்கின்றனர். ஊரின் நீரைப் பருகுகின்றனர். ஊரிற் குப்பையை விட்டுச் செல்கின்றனர். அவர்தம் சொத்துவரி அவரவர் ஊருக்கே சேர்கிறது.

இவ்விடர் 2019-ஆம் ஆண்டிற் பேருருக் கொண்டு நின்றது. வரதராசப் பெருமாள் கோயிற் குளத்தினின்று அத்திவரதர் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியில் எழுந்தருளச் செய்யப்படுகிறது. 1979-க்குப் பின் 2019 ஜூலை முதல் நாள் தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரை அவ்விழா நடந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,64,000 பேர். அவ்வேழு வாரங்களில் வந்து சென்றோரோ ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எனக் கணக்கிடப்பட்டது. ஊராரின் தொகையைப் போல் அறுபது மடங்கு! இத்துணைப் பேருக்கும் குடிநீரும் கழிப்பிடமும் துப்புரவும் அளிக்கும் செலவை இவ்வூர் நெசவாளரும் கடைக்காரரும் செலுத்தும் வரியிலிருந்து எடுக்க முடியுமா? முடியாது, முறையும் அன்று. ஆதலின் மாநில அரசு சிறப்பு நிதி ஒதுக்கிற்று. பிற ஊர்களிலிருந்தும் துப்புரவுப் பணியாளர் வந்து உழைத்தனர்.

நாட்டுக்கே பொதுவான சிறப்பு ஓர் ஊரில் இருக்குமாயின், அதனைப் பேணும் செலவிலும் நாடு பங்கு கொள்ள வேண்டும். இக்கொள்கையை ஒட்டியே, 2015-ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு தொடங்கிய மரபு நகர மேம்பாட்டுத் திட்டத்தில் வாரணாசி, பூரி, அமிர்தசரசு முதலிய 12 நகரங்களுள் ஒன்றாகக் காஞ்சிபுரமும் சேர்க்கப்பட்டது. அத்திட்டம் 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தோடு முடிந்தது. இங்கே ஒன்றை நாம் உணர வேண்டும். மானியம் கட்டித் தரும்; நாள்தோறும் பெருக்கித் தராது. குளத்துக்குப் படி கட்டிய நிதி ஒரு முறை வந்து நின்றுவிடும். அப்படியிற் படியும் பாசியை நீக்கும் செலவு ஆண்டுதோறும் ஊரைச் சேர்ந்தது. எனவே பிறர் தரும் பொருளைப் பெறும்போதே, பெற்றதைப் பேணும் பொருளுக்கும் வழி தேடிக்கொள்ள வேண்டும்.

ஆலந்தூர் காட்டிய வழி

பெரும்பணிக்கு ஓராண்டு வருவாய் போதாது. ஊரெங்கும் கழிவுநீர்க் குழாய் பதிக்க ஒரே காலத்தில் பெரும்பொருள் வேண்டும். அதன் பயனோ பல தலைமுறைக்கு நீளும். பயன் நெடுங்காலம் நீளுமாயின் செலவையும் நெடுங்காலத்துக்குப் பரப்புவது முறை. அதற்கு வழி கடன். ஆனால் கடன் கொடுப்போர், திருப்பித் தருவதற்கு ஊருக்கு வகை உண்டா என்று முதலிற் கேட்பர்.

அந்நாளிற் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆலந்தூர், சென்னையை அடுத்த நகராட்சி. அங்கே வீடுதோறும் கழிவுநீர்த் தொட்டிகளே இருந்தன. நிரம்பிய தொட்டியைக் காலி செய்ய வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 1996-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம், ஆர். எஸ். பாரதியின் தலைமையில், பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டது. அதன் மதிப்பீடு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். நகர்மன்றத்தார் தெருத்தெருவாகச் சென்று மக்களைக் கூட்டினர், திட்டத்தை விளக்கினர். வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய் முன்பணம் தரவேண்டும் என்றனர். குழாய் பதிக்கும் முன்னரே பணம் கேட்டால் யார் தருவார் என்று ஐயுற்றோர் பலர். ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பத்தார் தந்தனர். மக்களே முன்வந்ததைக் கண்டு கடன் கொடுப்போரும் முன்வந்தனர். 2000-ஆம் ஆண்டிற் பணி தொடங்கிச் சில ஆண்டுகளில் வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது. ஆலந்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் இன்றும் பிற நகரங்களில் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

ஆலந்தூர் மக்கள் செல்வர் அல்லர். தாம் தரும் பணம் எந்தக் குழாயாக மாறும் என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர். பயன் தெரிந்தபோது கொடுக்க மனம் வந்தது. கணக்குத் தெளிவாக இருந்தால் கை தயங்குவதில்லை.

நேர்மையான பங்கு

வரி எவ்வளவு வேண்டும் என்பதைப் போலவே, எவர் எவ்வளவு தர வேண்டும் என்பதும் பெரிய வினா. காஞ்சியை ஒத்த நகரங்களிற் சொத்துவரி 2008-க்குப் பின் பதினான்கு ஆண்டுகள் உயர்த்தப்படவில்லை. 2022-ஆம் ஆண்டில் அரசு உயர்த்தியபோது, சென்னையின் பழைய பகுதி நீங்கலாகப் பிற இடங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் எனப் படிநிலை வகுத்தது. பெரிய வீட்டுக்குப் பெரிய பங்கு என்பது அதன் கருத்து.

இக்கருத்து பொதுவாகச் சரியே. ஆயினும் காஞ்சியில் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. தறி நிறுத்த நீண்ட கூடம் வேண்டும். ஓர் ஏழை நெசவாளர் வீட்டிற் பாதியிடம் தறிக்கே போய்விடும். மிஞ்சிய இடத்தில்தான் குடும்பம் உண்டு உறங்கும். பரப்பளவு ஒன்றையே செல்வத்தின் அளவாகக் கொண்டால் அவர் செல்வராகத் தோன்றுவார். இத்தகைய நுட்பங்களை எடுத்துரைத்து நீதி காண்பதற்கே ஊர் மக்களாற் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கிறது. சட்டம் மாநிலத்துக்குப் பொது. தெருவின் நிலையை அறிந்தவர் அத்தெருவின் உறுப்பினரே.

மற்றொரு தீங்கு வரிப்பாக்கி. பத்து வீடுகள் உள்ள தெருவில் மூவர் வரி செலுத்தாமல் இருந்தால், குப்பை வண்டியின் செலவு குறைவதில்லை. எழுவர் தந்த பணத்திற் பத்து வீட்டு வேலை நடைபெற வேண்டும். அப்போது வண்டி மூன்று நாளுக்கு ஒரு முறை வரும். பெருக்குவோர்க்குச் சம்பளம் தாழ்க்கும். பழுதான விளக்கு பழுதாகவே நிற்கும். செலுத்தியவரும் மனம் வெறுத்து, மறு ஆண்டு செலுத்தத் தயங்குவர். பாவில் ஓரிழை தளர்ந்தால் அடுத்த இழையும் நெகிழ்வதை நெசவாளர் அறிவர். ஊர்நிதியின் தளர்ச்சியும் அத்தன்மையதே. வசதியுள்ளவர் பாக்கி வைப்பாராயின், அச்சுமையைத் தாங்குவோர் அவரினும் எளியவரே என்பதை மறத்தலாகாது.

ஆட்சியாளரின் கடமை இதனினும் பெரிது. வரியைக் கேட்கும் நா, கணக்கைச் சொல்லவும் வேண்டும். எத்தெருவுக்கு எவ்வளவு செலவாயிற்று, எந்தப் பணி எக்காரணத்தால் தாழ்ந்தது, எவரிடம் எவ்வளவு பாக்கி என்பன மக்கள் அறியும்படி வெளிப்பட வேண்டும். உத்தரமேரூர்ச் சபையார் விதியைக் கல்லில் வெட்டியதன் காரணம் யாது? வழியிற் செல்வோர் எல்லாரும் காண வேண்டும் என்பதே. ஓலையில் எழுதிப் பெட்டியிற் பூட்டியிருந்தால் அவ்விதி காப்பாகாது.

மாணவர் கடமை

மாணவர்க்கு வரி இல்லை. ஆயினும் ஊர்ப்பொருளில் அவர்க்குப் பங்கு உண்டு. மூடாமல் விட்ட தெருக்குழாயில் வீணாகும் நீர், பாலாற்று மணலிலிருந்து மின்சாரச் செலவில் ஏற்றப்பட்ட நீர். உடைத்த விளக்கு, ஊரார் அனைவரும் சேர்ந்து வாங்கிய விளக்கு. சாக்கடையில் எறிந்த நெகிழிப்பை, மறுநாள் ஒரு தொழிலாளி கைவிட்டு எடுக்க வேண்டிய பை. பொதுப்பொருள் எவர்க்கும் உரியதன்று என்று எண்ணுவது அறியாமை. அஃது எல்லார்க்கும் உரியது என்று எண்ணுவதே குடிமை.

வட்டந்தோறும் நடைபெறும் பகுதி சபைக் கூட்டங்களுக்குப் பெற்றோருடன் ஒரு முறை சென்று பாருங்கள். உங்கள் வீட்டுச் சொத்துவரி இரசீதை எடுத்துப் படியுங்கள். உங்கள் தெருவிற் சென்ற ஆண்டு என்ன பணி நடந்தது என்று உறுப்பினரைப் பணிவுடன் கேளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் இந்நகரத்து நெசவாளர் செய்த கண்காணிப்பு அத்தகையதே. நாளை வரி செலுத்தப் போகின்றவர்களும், மன்றத்தில் அமரப் போகின்றவர்களும், அலுவலகத்திற் கணக்கெழுதப் போகின்றவர்களும் நீங்களே அன்றோ? கொடுக்கவும் கேட்கவும் இளமையிலேயே பழகினால், விடியற்காலையிற் பாவு விரிக்க வரும் நெசவாளர்க்குத் தெரு தூய்மையாகக் காத்திருக்கும்.

பயிற்சி

1. வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊரிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.

2. உத்தமசோழன் காலத்துச் செப்பேடுகள் காஞ்சியின் பொதுநிதி பற்றிக் கூறுவன யாவை?

3. கோயில் நகரங்களுக்கு அரசு நிதி வேண்டுவது ஏன்? மானியத்தால் மட்டும் ஒரு நகரத்தைப் பேண முடியாது என்பதற்குக் காரணம் யாது?

4. ஆலந்தூர் மக்கள் பணி தொடங்குமுன் முன்பணம் தந்ததற்குக் காரணம் யாது?

5. "பரப்பளவு ஒன்றே செல்வத்தின் அளவன்று." நெசவாளர் வீட்டைக் கொண்டு இதனை ஆராய்க.

6. உங்கள் தெருவுக்கு ஓராண்டில் வேண்டும் பொதுப்பணிகளை வரிசைப்படுத்தி, அவற்றுள் எவற்றுக்கு வரியும் எவற்றுக்குக் கட்டணமும் ஏற்றவை என்று எழுதுக.